டிவி வயரை மறைக்கலாம், புதைக்கலாமா?

போன மாசம் வீட்டுக்குப் புது டிவி வந்துச்சு. 55 இன்ச். பழசு நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்தது, ஆனா பசங்களுக்கு அது "சின்ன டிவி" ஆகிப்போச்சு. கடையில இருந்து வந்த ரெண்டு தம்பிங்க அரை மணி நேரத்துல பிராக்கெட் அடிச்சு, டிவியை மாட்டி, அதைப் போட்டோ எடுத்து அவங்க ஆபீசுக்கு அனுப்பிட்டு லிஃப்ட்டுக்கு ஓடிட்டாங்க. அதுக்கப்புறந்தான் நானும் தங்கமணியும் சோபாவுல உக்காந்து நிதானமா பாத்தோம். டிவி கம்பீரமா இருக்கு. அதுக்குக் கீழ நாலு வயர் தொங்குது. பவர் வயர் ஒண்ணு, செட் டாப் பாக்ஸுக்கு ஹெச்டிஎம்ஐ ஒண்ணு, சவுண்ட்பாருக்கு ஒண்ணு, பையனோட கேம் பொட்டிக்கு ஒண்ணு.

"எலி வால் மாதிரி இருக்கு"ன்னாங்க தங்கமணி.

அடுத்த வாக்கியமும் ரெடியா இருந்துச்சு. "கீழ் வீட்டுல சுவத்தை வெட்டி வயரை உள்ள வச்சுப் பூசிட்டாங்க. ஒரு வயர் தெரியல. டிவி அப்படியே மிதக்குது. நாமளும் அதே மாதிரி பண்ணிடலாம்."

நான் முடியாதுன்னு சொன்னேன். எங்க வீட்டுல நான் "முடியாது"ன்னு சொல்ற சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணிடலாம்ங்கறதால அவங்க ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிட்டாங்க :-)

என் கட்சி இதுதான். வயரை மறைக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. தொங்குற வயர் பாக்க அசிங்கம், தவழ்ற குழந்தை இருக்கற வீட்டுல ஆபத்தும்கூட. ஆனா மறைக்கறது வேற, புதைக்கறது வேற. பைப் போட்டு, வேணும்கறப்ப உருவி எடுக்கற மாதிரி, எங்கிருந்து எங்க போகுதுன்னு அடுத்து வர்றவனுக்குப் புரியற மாதிரி வச்சா அது மறைக்கறது. சுவத்தைக் கீறி, வயரை அப்படியே உள்ள திணிச்சு, சிமெண்ட் பூசி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சா அது புதைக்கறது. பெங்களூருல இன்னைக்கு "கன்சீல்டு"ன்னு சொல்லிக் காசு வாங்கற டிவி வேலையில நான் பார்த்தது பெரும்பாலும் ரெண்டாவது வகை. நானே ஒரு தடவ பண்ணியிருக்கேன். அதனால எனக்கு இதுல பேச உரிமை இருக்கான்னு தெரியல, ஆனா பேசாம இருக்க உரிமை இல்ல.

கதை தூத்துக்குடியில ஆரம்பிக்குது. கொசுவத்தியை ஏத்திக்கறேன்.

அப்பா ஈபியில வயர்மேனா சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவர். எங்க வீட்டு வயரிங் அவரே பண்ணது. சுவத்துல தேக்குப் பட்டையை அடிச்சு, அது மேல வயரை வரிசையா ஓடவிட்டு, கொஞ்ச கொஞ்ச தூரத்துக்கு ஒரு தகரக் கிளிப்பை மடிச்சு விட்டிருப்பார். போர்டுல இருந்து கிளம்பற வயர் எந்த வழியா எந்த பல்புக்குப் போகுதுன்னு எட்டு வயசுப் பையன் விரலால தொடர்ந்துக்கிட்டே போய்ச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கேன். லீவு நாள்ல எனக்கு அது ஒரு விளையாட்டு. பெங்களூருலயும் பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் பழைய வீடுங்க மிச்சம் இருக்கற எடத்துல இந்தப் பட்டை வயரிங்கை இன்னும் பாக்கலாம்.

அப்புறம் டிவி வந்துச்சு. டயனோரா, கருப்பு வெள்ளை, ரெண்டு பக்கமும் இழுத்துச் சாத்தற மரக்கதவு வச்சது, பூட்டு சாவியோட. கொடைக்கானல் டவர் வர்றதுக்கு முன்னாடி எங்க ஊருக்குத் தெரிஞ்ச டிவின்னா ரூபவாஹினிதான். 1982-ல இலங்கையில ஆரம்பிச்சது, கடலைத் தாண்டி எங்க ஆன்டெனாவுல வந்து உக்காந்துக்கும். மொட்டைமாடியில நீளமா பைப் நட்டு அது மேல ஆன்டெனா. அதுல இருந்து தட்டையா ஒரு ரிப்பன் வயர் சுவத்தோட இறங்கி, ஜன்னல் கட்டையில ஓட்டை போட்டு உள்ள வரும். காத்தடிச்சா ஒருத்தர் மாடியில, ஒருத்தர் ஜன்னல்ல, ஒருத்தர் டிவி முன்னாடி. "வருதா?" "போச்சு!" "இப்ப?" "இப்ப புள்ளி புள்ளியா வருது!" இதை அனுபவிக்காத தெக்கத்திக்காரன் யாராவது இருந்தா கை தூக்குங்க. அந்த வயரை மறைக்கணும்னு யாருக்கும் தோணல. வயர் வெளியில தெரியறதுதான் பெருமை. தெருவுல எந்த வீட்டுல டிவி இருக்குன்னு ஆன்டெனாவை வச்சுத்தான் சொல்லுவாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2004-ல பெங்களூரு வந்தேன், பொட்டி தட்டற உத்தியோகத்துக்கு. கல்யாணம் ஆகி பிடிஎம் லே அவுட்டுல வாடகை வீடு. கீழ் வீட்டுல நாங்க, மாடியில ஓனர் அங்கிள். 2012 தீபாவளி சமயத்துல 40 இன்ச் எல்இடி டிவி வாங்கினேன், முதல் தடவையா சுவத்துல மாட்டற டிவி. அப்பவும் இதே வயர் பிரச்னைதான். பிளக் பாயிண்ட் ஹாலோட இடது மூலையில, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல. டிவி சுவத்துக்கு நடுவுல. வயரிங் வேலைக்கு வந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், வயசுல பெரியவர். அவர் தெளிவாத்தான் சொன்னார்.

"சார், பைப் இல்லாம வயரைப் புதைக்கக் கூடாது. அதுவும் இது லேசான ஃபிளெக்சிபிள் வயரு. பூச்சுக்குள்ள வைக்கற சரக்கு இல்ல."

"பைப் போட்டா காடி ஆழமா எடுக்கணுமேண்ணே. ஓனர் கத்துவாரு. மெல்லிசா ஒரு கீறல் போட்டு உள்ள வச்சுடுங்க."

"அப்ப நேரா மேல ஏத்தி, குறுக்க கொண்டாந்து விடறேன். இன்னும் ரெண்டு மீட்டர் வயரு வேணும்."

மணி எட்டரை. கடை சாத்தியாச்சு. ஒன்பது மணிக்கு எனக்கு கிளையண்ட் கால். "கிராஸா விட்டுடுங்கண்ணே, என்ன ஆகப்போகுது"ன்னு சொன்னேன். இந்த "என்ன ஆகப்போகுது"ங்கறது பெங்களூரு பாஷையில "சொல்ப அட்ஜஸ்ட் மாடி". போர்டுல தனி ஸ்விட்ச்சுக்கு இடமில்ல, அதனால சப்ளை லைன்லயே நேரடியா ஜாயிண்ட். ஹெச்டிஎம்ஐ வயரையும் அதே கீறல்ல கூடவே வச்சாச்சு. அவர் தலையை ஆட்டிக்கிட்டே பண்ணிக் குடுத்துட்டுப் போனார். சுவத்துல ஒரு வயர் தெரியல. வந்த பிரண்ட்ஸ் எல்லாம் "சூப்பர் மச்சி"ன்னாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஒண்ணரை வருஷத்துல அந்த ஹெச்டிஎம்ஐ போயிடுச்சு. உருவி எடுக்க வழியில்ல. புதுசா ஒண்ணு வாங்கி வெளிய தொங்க விட்டேன். ஆக, சுவத்தையும் வெட்டியாச்சு, வயரும் தொங்குது. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

2014-ல வீட்டைக் காலி பண்ணினோம். பெங்களூருல வாடகைக்கு இருந்தவங்களுக்கு இந்தக் கட்டம் எவ்வளவு முக்கியம்னு தெரியும். பத்து மாச வாடகை அட்வான்ஸா குடுத்து வச்சிருக்கோம். சுவத்துல ஒரு ஆணி ஓட்டைக்கு இவ்வளவு, கிறுக்கலுக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு, டிவி இருந்த எடத்துல நீட்டிக்கிட்டு இருந்த வயரை சுவத்தோட வெட்டினேன், நுனியில டேப் சுத்தினேன், ஓட்டைக்குள்ள தள்ளினேன், மேல பட்டி வச்சுத் தேய்ச்சு, மிச்சமிருந்த பெயிண்டை அடிச்சேன். மறுபடி மெயினைப் போட்டேன். அடுத்த முனை போர்டுக்குள்ள சப்ளையோட அப்படியே இருந்துச்சு. அதை எடுக்கணும்னா போர்டைக் கழட்டணும், கழட்டினா ஓனர் ஏன்னு கேப்பார். அட்வான்ஸ் முழுசா வந்துச்சு. கைக்காரியம் தெரிஞ்ச மாப்பிள்ளைன்னு மாமனார்கூடப் பாராட்டினார்.

2016 மார்ச்ல ஒரு நாள் ஆபீசுல ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கும்போது அங்கிள் போன். கன்னடமும் தமிழும் கலந்து அவர் சொன்னதோட சாராம்சம்: புதுசா குடி வந்தவங்க ஹால்ல சாமி ஸ்டாண்டு மாட்டறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்காங்க. டிரில்லிங் போட்டிருக்கான். டமார்னு ஒரு வெளிச்சம். ஸ்டூல் மேல நின்ன பையன் பின்னாடி விழுந்துட்டான். "நீ இருந்தப்ப அந்தச் சுவத்துல ஏதாவது வயர் போட்டியாப்பா?"

"இல்லையே அங்கிள்."

யோசிக்கவே இல்ல, வாயில அதுதான் வந்துச்சு. போனை வச்சப்புறம் மானிட்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு நாள் தங்கமணிகிட்டகூடச் சொல்லல. மூணாவது நாள் காலையில பைக்கை எடுத்துக்கிட்டு அங்கிள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டல. சோபாவைக் காட்டி உக்காரச் சொன்னார், பையனோட நம்பரைக் குடுத்தார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

பையனுக்கு 19, 20 வயசு இருக்கும். ஊத்தங்கரைப் பக்கம். மடிவாளா பக்கத்துல நாலஞ்சு பேரோட ஒரே ரூம்ல இருந்தான். மெஷின் பிளாஸ்டிக் பாடிங்கறதால ஷாக் கைக்கு வரல, எம்சிபி உடனே விழுந்துடுச்சு. அந்த வெடியில மிரண்டு போய் விழுந்ததுல இடது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருந்தது. ஆறு வாரம் கட்டு. தினக்கூலிப் பையனுக்கு ஆறு வாரம்னா என்னன்னு நான் சொல்லணுமா. ஆஸ்பத்திரி செலவையும் அந்த ஆறு வாரக் கூலியையும் குடுத்தேன். அது பெரிய விஷயம் இல்ல, குடுக்காம இருந்திருந்தாத்தான் விஷயம். அவன் பணத்தைப் பத்தி ஒண்ணும் பேசல. கோபமாவும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான், தொழில்காரன் தொழில்காரன்கிட்டச் சொல்ற மாதிரி.

"போர்டுக்கு நேர் மேல இல்லாம ரெண்டடி தள்ளித்தான் சார் ஓட்டை போட்டேன். வயரு நேரா ஏறியிருந்தா மாட்டியிருக்காது. யாராவது கிராஸா விடுவாங்களா?"

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டார்: "ஏல, சப்ளை இருக்க வயரு மேல பெயிண்டு அடிச்சியால?" அவ்வளவுதான். போனை அம்மாகிட்டக் குடுத்துட்டார்.

அந்தப் பையன் சொன்னதுல எவ்வளவு விஷயம் இருக்குன்னு அப்புறந்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சுவத்துக்குள்ள வயர் எங்க போகுதுன்னு வெளியில இருந்து பாக்கறவனுக்குத் தெரியாது. அவன் ஊகம்தான் பண்ண முடியும். அந்த ஊகம் சரியா இருக்கணும்னா வயர் போடறவன் ஒரு ஒழுங்குல போடணும். பிரிட்டன்ல இதை விதியாவே வச்சிருக்காங்க. தனிப் பாதுகாப்பு இல்லாம, 50 மில்லிமீட்டருக்கும் குறைஞ்ச ஆழத்துல போற வயர்னா ஒரு ஸ்விட்ச்லயோ சாக்கெட்லயோ இருந்து நேரா மேல கீழ போகலாம், நேரா குறுக்க போகலாம், இல்ல மூலையையும் சீலிங்கையும் ஒட்டி 150 மில்லிமீட்டருக்குள்ள போகலாம். குறுக்குச் சால் ஓட்டக் கூடாது. அமெரிக்காவுல பவர் கார்டு மாதிரி ஃபிளெக்சிபிள் வயரைச் சுவத்துக்குள்ள மறைச்சு ஓட்டறதே விதிப்படி தப்பு. அது பிளக்ல மாட்டிக் கழட்டறதுக்கான வயர். பழசாகித் தோல் வெடிச்சா கண்ணுல படணும், தொட்டா சூடு தெரியணும். சிமெண்டுக்குள்ள ரெண்டும் நடக்காது. நம்ம ஊருலயும் வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 732-ன்னு விதிமுறை இருக்கு. இருக்கறதுக்கும் மதிக்கறதுக்கும் நடுவுல என்னை மாதிரி ஒன்பது மணிக்கு கால் இருக்கற ஆளுங்க இருக்கோம்.

இன்னொரு கொடுமை யூட்யூப். "டிவி வயரை மறைப்பது எப்படி"ன்னு தேடினா ஒரு வெள்ளைக்காரர் வருவார். டிவிக்குப் பின்னாடி ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை. மேல இருந்து வயரை விட்டா கீழ வந்துடும். பத்து நிமிஷம், சிரிப்போட முடிச்சுடுவார். அவங்க சுவர் உள்ள கூடு, வெளிய ஜிப்சம் பலகை. நம்ம சுவர் செங்கல், இல்லன்னா சிமெண்ட் பிளாக், முழுக்கக் கெட்டி. அவரோட பத்து நிமிஷ வேலைக்கு இங்க கட்டிங் மெஷின், சுத்தி, உளி, வீடு முழுக்கத் தூசி, பக்கத்து வீட்டுக்காரரோட முறைப்பு. அந்தக் கஷ்டத்துக்குப் பயந்துதான் ஆழம் குறைக்கறோம், பைப்பைத் தவிர்க்கறோம், குறுக்க வெட்டறோம். வீடியோவுல இருக்கற சுவரைப் பாத்துட்டு வீட்டுல இருக்கற சுவத்தை வெட்டாதீங்க மக்களே.

வயரை விடுங்க, சுவரே எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு யோசிங்க. வீடு அம்பது வருஷம் நிக்கும். ஹெச்டிஎம்ஐங்கறதே 2002 கடைசியிலதான் வந்துச்சு. 2017-ல வந்த 2.1-க்கு வேற தரத்துல வயர் வேணும், பழசுல அந்த வேகம் போகாது. அதுக்கு முன்னாடி மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர், அதுக்கும் முன்னாடி கேபிள்காரர் இழுத்துட்டு வந்த கறுப்பு வயர், அதுக்கும் முன்னாடி எங்க ரிப்பன் வயர். என் ஆயுசுலயே நாலு தலைமுறை பாத்தாச்சு. இதுல எதையாவது நம்பிச் சிமெண்ட் பூச முடியுமா?

வீட்டை விட்டு வெளிய வந்தா பெங்களூரு ரோடு இதே கதையைப் பெருசாச் சொல்லுது. மரத்துக்கு மரம் கறுப்பு கறுப்பா இன்டர்நெட் வயர், சுருள் சுருளா தொங்கும். பிபிஎம்பி காலத்துல அப்பப்ப வந்து வெட்டிப் போடுவாங்க, வெட்டினதை ஃபுட்பாத்துலயே விட்டுட்டுப் போயிடுவாங்க, அடுத்த வாரம் புதுசா ஒரு சுருள் முளைக்கும். 2025-ல மாநகராட்சியை அஞ்சாப் பிரிச்சு மேல ஜிபிஏன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. என் தெரு வயருக்கு அது இன்னும் தெரியல.

வெளிய தெரியற வயர்னா பத்திரம்னும் சொல்லிட முடியாது. 2023 நவம்பர் 19, ஒயிட்ஃபீல்டு ஹோப் ஃபார்ம் ஜங்ஷன் பக்கத்துல விடிஞ்சும் விடியாத நேரம். ஃபுட்பாத்துல அறுந்து விழுந்து கிடந்த மின்கம்பியை மிதிச்சு ஒரு இளம் தாயும், அவங்க கையில இருந்த ஒன்பது மாசக் குழந்தையும் செத்துப் போனாங்க. பெஸ்காம் அதிகாரிங்க சிலரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல. கம்பி மேல போச்சா கீழ போச்சாங்கறது அங்க பிரச்னை இல்ல. அறுந்து கிடக்கற கம்பியில சப்ளை நிக்கல, அதைக் கவனிக்க வேண்டியவங்க கண்ணுல அது படவும் இல்ல. 1905 ஆகஸ்ட்ல கே.ஆர். மார்க்கெட் பக்கம் முதல் மின்விளக்கு எரிஞ்ச ஊர் இது. சிவசமுத்திரத்துல இருந்து 1902-லயே கோலார் தங்கவயலுக்கு, அதாவது நம்மாளுங்க இறங்கி வேலை பாத்த சுரங்கத்துக்கு, கரண்ட் போயிடுச்சு. இவ்வளவு பழைய ஊருக்கு இன்னும் ஒரு கம்பியைக் கண்காணிக்கத் தெரியல.

ஒழுங்கா மறைச்ச இடமும் இதே ஊருல இருக்கு. 2010-களோட நடுவுல டெண்டர்ஷ்யூர்னு ஒரு திட்டத்துல செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு, ரெசிடென்சி ரோடுன்னு சில ரோடுகளைப் புதுசா போட்டாங்க. ஃபுட்பாத்துக்கு அடியில கரண்டுக்கு ஒரு பைப், இன்டர்நெட் வயருக்கு ஒரு பைப், நடுநடுவுல மூடி வச்ச குழி. புது வயர் வேணும்னா மூடியைத் திறந்து இழுத்துக்கலாம், ரோட்டைத் தோண்ட வேண்டாம். செலவு ஜாஸ்தின்னு திட்டினாங்க, ஜாஸ்திதான். ஆனா அந்த ஃபுட்பாத்துல நிமிர்ந்து நடக்கலாம். மத்த ரோடுகள்ல தண்ணி பைப்புக்குத் தோண்டறவங்க ஃபைபரை வெட்டுவாங்க, ஃபைபருக்குத் தோண்டறவங்க தண்ணி பைப்பை உடைப்பாங்க. நாடு பூரா இப்படித்தான்னு 2023 மார்ச்ல மத்திய அரசு ஒரு ஆப்பே கொண்டு வந்துச்சு, தோண்டறதுக்கு முன்னாடி கீழ யாரோட வயர் இருக்குன்னு கேட்டுக்கறதுக்கு. இப்படித் தோண்டித் தோண்டிக் கெடுக்கறதுல வருஷத்துக்கு சுமார் 3000 கோடி ரூபாய் நஷ்டம்னு அப்போ அரசாங்கமே கணக்குச் சொன்னது. வீட்டுச் சுவத்துக்கு அப்படி ஒரு ஆப் இல்ல. நாமதான் எழுதி வைக்கணும்.

இப்ப எங்க வீட்டுக்கு வரேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். (அந்த ஊத்தங்கரைத் தம்பி இல்ல. அவன் ஓசூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்துட்டான். பொங்கலுக்கு வாட்ஸப்புல வாழ்த்து அனுப்புவான்.) வந்தவர் முதல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தூசியைப் பாத்தார். சிவப்பாக் கொட்டினா செங்கல். சாம்பலா சுலபமாக் கொட்டினா பிளாக். சாம்பலா, அழுதுக்கிட்டே கொட்டினா கான்கிரீட். எங்களோடது மூணாவது. அலுமினிய அச்சு வச்சு சுவத்தையும் கூரையையும் ஒரே கான்கிரீட்டா ஊத்தற மைவான் கட்டடம். அந்தச் சுவர்தான் வீட்டையே தாங்குது. அதுல காடி வெட்டறதுக்கு அசோசியேஷன் விடாது, விடவும் கூடாது. அப்ப கீழ் வீட்டுக்காரங்க எப்படி வெட்டினாங்கன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்வியை வர்ற மீட்டிங்ல நான் கேக்கப்போறேன், கெட்ட பேர் வாங்கத் தயாராத்தான் இருக்கேன்.

பிளாக் சுவர் வச்சிருக்கறவங்களுக்கு அவர் சொன்னதைச் சொல்லிடறேன். சுவர் ஆறு இன்ச்சாவது இருக்கணும். நாலு இன்ச் சுவத்துல ரெண்டு இன்ச் பைப்புக்குக் காடி எடுத்தா பாதி சுவர் காலி. டிவிக்குப் பின்னாடி இருந்து கீழ இருக்கற கேபினட்டுக்கு நேர் செங்குத்தா 40 மி.மீ. பிவிசி பைப், அதுக்குள்ள ஹெச்டிஎம்ஐ மாதிரி வயருங்க மட்டும். பல்பு வயருக்குப் போடற ஒல்லிப் பைப் ஆகாது, ஹெச்டிஎம்ஐ தலை வளைவுல சிக்கிக்கும். எல்போ வைக்காம நீள பெண்ட் வைக்கணும். உள்ள ஒரு கம்பியோ நைலான் கயிறோ சும்மா விட்டு வைக்கணும், நாளைக்குப் புது வயரை அதுல கட்டி இழுத்துக்கலாம். கரண்டுக்குத் தனிப் பைப், அதுல பவர் கார்டு போகக் கூடாது. முறையான வயரிங் வயரை இழுத்து, டிவிக்குப் பின்னாடி ஒரு சாக்கெட் வச்சு, டிவி வயரை அங்கேயே குத்திக்கணும். சாக்கெட்டைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வைக்கச் சொன்னார், பிளக் துருத்திக்கிட்டு நின்னா டிவி சுவத்தோட ஒட்டாது. அந்த சாக்கெட்டுக்கு ஸ்விட்ச் மட்டும் கண்டிப்பா வெளிய. ஏப்ரல், மே மாசம் பெங்களூரு இடி இடிக்கும்போது டிவியைக் கழட்டிப் பின்னாடி கை விட முடியாது. கடைசியா, பூசறதுக்கு முன்னாடி இஞ்சு டேப்பை சுவத்துல பிடிச்சு ஒரு போட்டோ.

எங்களுக்கு இது எதுவும் நடக்காதுங்கறதால வெளிய கேசிங்தான். ரெண்டு கேசிங் பட்டை, டிவியோட அடியில இருந்து நேரா கீழ கேபினட் வரைக்கும், ரெண்டேகால் அடி. ஒண்ணுல கரண்ட், ஒண்ணுல மத்தது. மூடியை விரலால நெம்பினா திறக்கும். தங்கமணிக்கு மூணு நாள் முகம் சரியில்ல. மிதக்கற டிவி கேட்ட இடத்துல ரெண்டு பட்டையை ஒட்டி வச்சா யாருக்குத்தான் சரியா இருக்கும். நாலாவது நாள் அவங்களே சுவர் கலர்ல பெயிண்ட் வாங்கிட்டு வந்து அது மேல அடிச்சாங்க. அடிச்சு முடிச்சுட்டு, "தெரியுதா?"ன்னு கேட்டாங்க. தெரிஞ்சது. கொஞ்சமாத்தான்னு சொன்னேன். பக்கத்துல டைரி மில்க் சைஸுல ஒரு லேபிள் வேற ஒட்டணும்னு ஆரம்பிச்சேன், அவங்க பாத்த பார்வையில அதை டிபி பாக்ஸ் கதவுக்கு உள்பக்கமா ஒட்டிட்டேன். சாக்கெட் எங்க இருக்கு, லைன் எப்படி வருது, எந்த எம்சிபி. நாளைக்கு நாங்க இந்த வீட்டை வித்தாலும் வாடகைக்கு விட்டாலும் அது அங்க இருக்கும்.

ஞாயித்துக்கிழமை அப்பா வீடியோ கால்ல வந்தார். எண்பது வயசாச்சு, கண்ணு கொஞ்சம் மங்கல். புது டிவியைக் காட்டினேன். பேரன் கேம் ஆடிக் காட்டினான். படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

"வயரு எங்கல?"

போனை டிவிக்கு அடியில கொண்டு போய், பட்டையோட மெதுவா கீழ இறக்கி, கேபினட் பக்கத்துல இருக்கற போர்டு வரைக்கும் காட்டினேன்.

"ஸ்விட்ச் கைக்கு எட்டுதா?"

"எட்டுதுப்பா."

"போட்டு அணைச்சுக் காட்டு."

அணைச்சேன். பையன் "தாத்தா, என் கேம் போச்சு!"ன்னு கத்தினான்.